சாம்பலில் ஏறிய நீலம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், மனசைப் பத்திக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு காலத்துக்கு அப்புறம் பேனாவை எடுத்திருக்கேன். நீ நல்லா இருக்கியா, அங்கே குளிர் விட்டுதா, போன தடவை பேசும்போது இருமினியே அது போச்சா, போகலைன்னா போய்க் காட்டு, தானா சரியாயிடும்னு இருந்துடாதே, நீ சின்னதுலேர்ந்தே அப்படித்தான். போன் இருக்கும்போது லெட்டர் எதுக்கும்மான்னு நீ கேட்பே. போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல கேள்வி கேட்பே, நீ அழுவே, உன்னைக் கேட்டு நான் அழுவேன், கடைசியில ஒண்ணையும் முழுசாச் சொல்லியிருக்க மாட்டேன். எழுதினா யாரும் குறுக்கே பேச முடியாது பாரு. அப்பா ஏன் போனுக்கு வர்றதே இல்லைன்னு நீ கேட்டுக்கிட்டே இருக்கே. நானும் குளிக்கிறார், தூங்குறார், கடைக்குப் போயிருக்கார்னு ஏதாவது சொல்லிக்கிட்டே இருந்தேன், ஒரு மனுஷன் இவ்வளவு நேரமா குளிப்பாரான்னு நீ ஒரு நாள் கேட்டுட்டே. கண்ணு ஆபரேஷன்ல ஏதோ கோளாறு, நீதான் அப்பாவைக் கட்டாயப்படுத்தி அனுப்பினேன்னு உள்ளுக்குள்ள குமைஞ்சுக்கிட்டு இருக்கேன்னு உன் குரல்லயே தெரியுது. முதல்ல அதைச் சொல்லிடறேன். ஆபரேஷன் ரொம்ப நல்லா நடந்தது. அப்பாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. தெரிஞ்சதுதான் பிரச்சனை.

கட்டுப் பிரிச்ச அன்னைக்கு அவர் பண்ண அமர்க்களத்தை நீ பார்த்திருக்கணும். ஆஸ்பத்திரி ஜன்னல் கிட்ட போய் நின்னு வானத்தை அப்படிப் பார்த்தார், ஏதோ அன்னைக்குத்தான் புதுசாக் கொண்டுவந்து மாட்டின மாதிரி. வண்டியில வரும்போது வழி பூரா போர்டு படிச்சுக்கிட்டே வந்தார், செருப்புக்கடை, பல் டாக்டர், வீடு வாடகைக்கு, ஒண்ணு விடலை, வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். வீட்டுக்குள்ள வந்ததும் என் முகத்தை ரெண்டு கையால பிடிச்சு வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுதுன்னு கேட்டார். நீங்க பார்க்காதப்போன்னு சொன்னேன். சிரிச்சார். அலமாரியைத் திறந்து, எங்கே போனாலும் போட்டுக்கிட்டுப் போவாரே அந்தச் சாம்பல் கலர் சட்டை, அது சாம்பலே இல்லை, கத்தரிப்பூ கலர்னு கண்டுபிடிச்சு, இதைப் போட்டுக்கிட்டா ஊரைச் சுத்தினேன்னு தலையில அடிச்சுக்கிட்டார். இவ்வளவு நாள் கழிச்சு நாங்க ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சது அன்னைக்குத்தான். அப்புறம் சுவரைப் பார்த்தார். முன் அறைச் சுவருக்குப் போன வருஷம் அவரேதான் பெயிண்ட் அடிச்சார், வெள்ளை மஞ்சளா இருக்கு மஞ்சளா இருக்குன்னு அதுல நீலத்தைச் சேர்த்துச் சேர்த்துக் கலக்கினார். எனக்கு அது நீலச் சுவராத்தான் தெரிஞ்சது, அவருக்குப் பிடிச்சிருக்குபோலன்னு விட்டுட்டேன், கலர் விஷயத்துல அவர்கிட்ட யார் வாயைக் கொடுக்கிறது. இது வெள்ளை இல்லையான்னு கேட்டார். நீலம்தானேங்க, வேணும்னுதானே அடிச்சீங்கன்னு கேட்டேன். அதுக்கும் முதல்ல சிரிக்கத்தான் செஞ்சார், சிரிப்பு பாதியிலயே நின்னுபோச்சு. கையை வச்சுச் சுவரைத் தடவிப் பார்த்தார். எனக்கு அப்போ ஒண்ணும் பிடிபடலை.

கம்பளக் கூடத்துல அப்பா பார்க்கிற சாய வேலையை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனா நீ இங்கே இருந்தப்போ பார்த்ததெல்லாம் பூப்போட்ட கம்பளங்க. நீ கிளம்பிப் போனதுக்கப்புறம்தான் முதலாளியம்மா இந்த உடைஞ்ச படங்களைப் பிடிச்சாங்க. கியூபிசம்னு அவங்க வாயில வரும், கூடத்துல எல்லாருக்கும் அது உடைஞ்ச படம்தான். ஒரு மேசை, ஒரு வயலின், ஒரு பாட்டில், அதையெல்லாம் கண்ணாடி விழுந்து நொறுங்கின மாதிரி துண்டாக்கி, முன்னாலேர்ந்து பார்த்தது பக்கத்துலேர்ந்து பார்த்தது மேலேர்ந்து பார்த்தது எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்து வச்ச ஓவியம். அதைப் பெரிசாக் கட்டம் போட்டு வரைஞ்சு தறிக்கு மேல தொங்கவிட்டுடுவாங்க, பொம்பளைங்க வரிசையா உட்கார்ந்து கீழேர்ந்து முடிச்சு முடிச்சாப் போட்டு மேல ஏத்துவாங்க. படத்துல இருக்கிற இவளுக்கு மூக்கு எங்கேன்னு தேடியே என் ஆயுசு போயிடும்னு வாயாடி அக்கா தறியில உட்கார்ந்து புலம்புவா, அவளை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு ஜடை பின்னி விடுவாளே. பூப்போட்ட கம்பளத்துல சிவப்புன்னா சிவப்பு, பச்சைன்னா பச்சை, ஒரு பிடி முன்னே பின்னே இருந்தாலும் பூ பூவாத்தான் இருக்கும். உடைஞ்ச படத்துல அந்தச் சலுகை கிடையாது. முழுக்கப் பழுப்பும் சாம்பலும்தான். ஒரு சாம்பலுக்கும் பக்கத்துல இருக்கிற சாம்பலுக்கும் நடுவுல ஒரு துளி வித்தியாசம் இருக்கும், அந்தத் துளியிலதான் மேசை மேசையா நிக்கணும். அது தப்பினா பாட்டில் ஒரு பக்கம் நிழல் ஒரு பக்கம்னு கழண்டு போயிடும். அந்தச் சாம்பலைப் போடறதுக்குத்தான் அப்பா. சாம்பல்காரர்னே அவருக்குப் பேராயிடுச்சு, வாங்க வர்றவங்க முன்னால முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு நிறுத்துவாங்க. நான் கம்பளத்துக்கு அடியில துணி வச்சுத் தைக்கிறவ, எனக்கு எந்தக் கம்பளமும் முதுகுப் பக்கம்தான் பழக்கம், இருந்தாலும் அந்தச் சாம்பலை ஒரு தடவை திருப்பிப் பார்க்காம நான் ஊசியை எடுத்தது இல்லை. மேசை முன்னால ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாளே, முகம் பாதி நேராவும் பாதி பக்கவாட்டுலயும் இருக்கும், அந்தப் பெரிய கம்பளத்தோட போட்டோவை நீ பெரிசாக்கி உன் அறையில மாட்டியிருக்கேன்னும், வர்றவங்ககிட்ட எல்லாம் இந்தச் சாம்பல் எங்கப்பா போட்டதுன்னு சொல்றேன்னும் சொன்னியே, போனை வச்சதுக்கப்புறம் அதையே அவர் எனக்கு மறுபடி மறுபடி சொல்லிக்கிட்டு இருந்தார், நான் பக்கத்துலயே நின்னு கேட்டதைக்கூட மறந்துட்டு.

சுவரைப் பார்த்த மறுநாள் காலையில கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவர் கூடத்துக்குக் கிளம்பிட்டார். புகை படக் கூடாது, ஆவி படக் கூடாது, சாயப்பட்டறைப் பக்கமே தலை வச்சுப் படுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரேன்னு பின்னாலயே போனேன், கேட்கலை. சாயப்பட்டறைக்கு மேல ஒரு பரண் உண்டு, மிச்சம் விழற நூலையெல்லாம் போட்டு வைக்கிற இடம். தான் சாயம் போட்ட பழைய நூலைத் தேடி ஏணி வச்சு ஏறியிருக்கார். அங்கே மூட்டை மூட்டையாக் கம்பளி நூல். அவர் சாயம் போட்டு இறக்கற ஒவ்வொரு நூல் சிட்டத்தையும் ஒரு தனிச் சுருக்குப் போட்டுத்தான் கட்டுவார், அது வேற யாருக்கும் வராது. அந்தச் சுருக்கு அவிழாமயே அத்தனையும் கிடந்திருக்கு. சாம்பல்னு நினைச்சு அவர் தறிக்குன்னு போட்டு வச்சது, தறியைப் பார்க்காமயே பரணுக்கு வந்திருக்கு. எல்லாமே நீலம். ஒண்ணு கொஞ்சம் நீலம், ஒண்ணு நிறைய நீலம், அவ்வளவுதான் வித்தியாசம். மத்தியானம் வீட்டுக்கு வந்தார், கையில ஒரே ஒரு சிட்டம். நான் தைச்சுக்கிட்டிருந்த துணி மேல அதை வச்சு, இது என்ன கலர்னு சொல்லுன்னார். நீலம்னேன். அவர் முகத்தைப் பார்த்துட்டு, லேசான்னு சேர்த்துக்கிட்டேன். "அந்த லேசாங்கிறதை எடுத்துடு"ன்னார். அப்புறம் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டார்.

உன் சித்தப்பா அன்னைக்குச் சாயங்காலமே வந்தார். எப்பவும் நேரா அடுப்படி வரைக்கும் வந்து அண்ணி டீ இருக்கான்னு கேட்கிற ஆள், அன்னைக்குச் செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னார். அப்பாவுக்குக் கீழே ரெண்டாவது சாயக்காரரா இத்தனை காலம் இருந்தவர், அப்பா என்ன கேட்பார்னு அவருக்குத் தெரியாதா. எத்தனை நாளான்னு அப்பா கேட்டார். கொஞ்ச நாளான்னார். பரண் நிறைய இருக்கு, கொஞ்ச நாளான்னு அப்பா திருப்பிக் கேட்டதும்தான் ஒவ்வொண்ணா வெளியே வந்தது. முதல்ல கவனிச்சது தறியில இருக்கிற பொம்பளைங்க. வாயாடி அக்கா ஒரு நாள் எல்லார் முன்னாலயும், என்ன சாம்பல்காரரே இன்னைக்கு வானத்தைப் பிடிச்சுச் சாயத்துல போட்டீங்களான்னு கேட்டுட்டா. அந்த நாள் எனக்கே ஞாபகம் இருக்கு, ஒரு பொம்பளை என் சாயத்தைச் சொல்லிட்டாளேன்னு அன்னைக்கு அப்பா சோத்தைத் தொடலை, நாளையிலேர்ந்து போக மாட்டேன்னார், நான்தான் சமாதானம் பண்ணி அனுப்பினேன். அதைப் பார்த்ததுக்கப்புறம் சித்தப்பா ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், இனிமே அண்ணன்கிட்ட யாரும் எதுவும் பேசக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டிருக்கார். முதலாளியம்மாகிட்டயும்தான். அப்பா வேலை முடிஞ்சு கிளம்பினதும் இவர் மறுபடி அடுப்பை மூட்டுவாராம், வெள்ளை நூலை எடுத்துப் புதுசா முக்கி அந்தச் சாம்பலைக் கொண்டுவந்து, காய வச்சு அப்பா அலமாரியில அடுக்கிடுவாராம். காலையில அப்பா அதைப் பார்த்து, காய்ஞ்சா நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும்னு தன்னோடதுன்னே நினைச்சுத் தறிக்கு அனுப்பியிருக்கார். அந்தச் சுருக்கு மட்டும் சித்தப்பாவுக்கு வரலை, சாதாரணமா ஒரு முடிச்சுப் போட்டு வச்சிருக்கார். அதுகூட அப்பா கண்ணுக்குத் தெரியலை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு அப்பா கேட்டார். "சொன்னா நீ வீட்டுல உட்கார்ந்துடுவே அண்ணா, உன்னை எனக்குத் தெரியாதா"ன்னார் சித்தப்பா. அப்பா மெதுவா, கத்தக்கூட இல்லை, கத்தியிருந்தா தேவலைன்னு இருந்தது எனக்கு, "நான் செத்துப்போனதை எனக்கே சொல்லாம மறைச்சுட்டியேடா"ன்னார். சித்தப்பா திரும்பி நடந்துட்டார். டீ போட்டு வச்சிருந்தேன், அப்படியே ஆறிப்போச்சு.

இதோட நின்னிருந்தா அண்ணன் தம்பி கோபம், நாலு நாள்ல ஆறும்னு நான் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த வாரம் உன் சித்தி வந்தா. உனக்குத் தெரியும், நடுவுல அவ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போய் ரொம்ப நாள் இருந்தா, என்ன ஏதுன்னு உன்கிட்ட நான் சொல்லலை, நீ தூரத்துல இருக்கே, எதுக்கு உன்னை வேற கலங்கடிக்கணும்னு விட்டுட்டேன். விஷயம் இதுதான், சாயங்காலமானா சித்தப்பா வீட்டுக்கு வர்றதில்லை. கேட்டா வேலைங்கிறார். உங்க அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துட்டார், உங்களுக்கு மட்டும் என்ன வேலைன்னு கேட்டா வாயைத் திறக்கறதில்லை. ஒரு பொம்பளை வேற என்ன நினைப்பா. வேற யாரோ இருக்கான்னு முடிவு பண்ணிக் கிளம்பிட்டா. அப்பவும் அந்த மனுஷன் உண்மையைச் சொல்லலை பாரு, சொன்னா அவ ஆத்திரத்துல வந்து இங்கே கொட்டிடுவான்னு பயம். இதைவிடக் கொடுமை, அப்போ அவரைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னது யாருன்னு நினைக்கிறே, உன் அப்பாதான். இதே முன் அறையில உட்கார வச்சு, குடும்பத்தைப் பாருடா, வேலை முடிஞ்சா என்னை மாதிரி நேரத்தோட வீட்டுக்குப் போடான்னு அவ்வளவு பேசினார். சித்தப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சரிண்ணா சரிண்ணான்னு கேட்டுட்டுப் போனார். சித்தி வந்து இதையெல்லாம் சொல்லும்போது அப்பா நாற்காலியில உட்கார்ந்திருந்தார். அவ சண்டைக்கு வரலை, அழவும் இல்லை, எனக்கு இப்பத்தான் தெரியும் மாமா, உங்களுக்கும் தெரியணும்னு வந்தேன்னு மட்டும் சொன்னா. போகும்போது என்கிட்ட, அந்த மனுஷனை நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா அக்கான்னு வாசல்ல நின்னு கேட்டா.

அதுலேர்ந்து அப்பா வெளியே போறதை விட்டுட்டார். முதலாளியம்மா வந்தாங்க, நீங்க வந்து சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டாப் போதும்னாங்க. அவங்க இருக்கிற வரைக்கும் இவர் நின்னுக்கிட்டே இருந்தார், கண்ணு ஆறினதும் வரேன்னு மரியாதையாச் சொல்லி அனுப்பினார், போக மாட்டார்னு எனக்குத் தெரியும். அவங்ககிட்ட அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், எந்தக் கம்பளம் வரைக்கும் என் சாயம்னு. எல்லாமே நம்ம கூடத்துச் சாயம்தானேன்னு அவங்க சொன்னாங்க, அந்தப் பதில் இவருக்கு ஆகலை. என்னைக் கேட்டார், முதுகுப் பக்கத்துலேர்ந்து எனக்கு என்ன தெரியும். கடைசியில சித்தப்பாவையே வரச் சொல்லுன்னார். அவர் வந்து, ஞாபகம் இல்லைண்ணான்னார். நீ மறக்கிற ஆள் இல்லைன்னார் அப்பா. அந்த மேசைப் பொம்பளைதான்னு அப்புறம் சொன்னார், நீ மாட்டியிருக்கிறதேதான். கம்பளம் கீழேர்ந்து மேல ஏறுது இல்லையா, மேசையும் பாட்டிலும் அவ கையும் நெய்யற வரைக்கும் அப்பா போட்ட நூல் போயிருக்கு. அதுக்கு மேல ஏத்தும்போதுதான் நீலம் தட்ட ஆரம்பிச்சிருக்கு. "கை வரைக்கும் உன்னது அண்ணா, கழுத்துக்கு மேல நான் போட்டது"ன்னார் சித்தப்பா. அவர் போனதும் அப்பா என்னைப் பார்த்து, பாப்பா எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டிருக்கிறது அவ சித்தப்பா போட்ட முகத்தைன்னார். அவ ஹலோன்னா நான் என்னன்னு பேச ஆரம்பிக்கிறதுன்னார். இதுக்குத்தான் அவர் போனுக்கு வரலை, வேற ஒண்ணும் இல்லை. நீ உடனே அந்த போட்டோவைக் கழட்டி வச்சுடாதே, அப்படிச் செஞ்சேன்னு தெரிஞ்சா அது இன்னும் மோசம். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியலைப்பான்னும் சொல்லிடாதே. தெரியாம இருந்ததைத்தான் அவரால தாங்க முடியலை.

இப்படியே மாசம் ஓடிக்கிட்டிருந்தது. வீடு எப்படி இருந்ததுன்னா, நான் ஊசியைக் கீழே போட்டாச் சத்தம் கேட்கும். அவர் ஜன்னல் கிட்ட உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார், எதிர் வீட்டுக்காரங்க காயப்போட்ட துணியை ஒவ்வொண்ணா என்ன கலர்னு முணுமுணுப்பார், நான் வந்தா நிறுத்திடுவார். ஒரு நாள் தைச்ச துணிச் சுருளைக் கூடத்துல கொண்டுபோய்க் கொடுக்கணும், எனக்குத் தோள்வலி, தூக்க முடியலை, வாசல் வரைக்கும் வாங்க, உள்ளே வர வேண்டாம்னு கெஞ்சிக் கூட்டிக்கிட்டுப் போனேன். அன்னைக்கு நல்ல வெயில், முற்றத்துல கம்பு கட்டி அன்னைக்கு இறக்கின சாம்பல் நூலெல்லாம் காயப்போட்டிருந்தாங்க. அப்பா சுருளைத் தோள்ல வச்சுக்கிட்டே அதைப் பார்த்து நின்னுட்டார். நான் கூப்பிட்டேன், அவர் காதுல விழலை. வீட்டுக்கு வந்ததும், தம்பி போட்டதுல மஞ்சள் தட்டுதுன்னார். ஒரே சிட்டத்துல ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி இருக்கு, அவன் கண்ணுலயும் ஏதோ ஆயிருக்குன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்லாப் பார்த்தீங்களான்னேன், கேட்டதும்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அதுக்கு அவர் கோபப்படலை. அப்புறம் பாரு, நாள் போகுது, போய்ச் சொல்ல மாட்டேங்கிறார். சட்டையை மாட்டுவார், செருப்பு வரைக்கும் போவார், திரும்பி வந்து உட்கார்ந்துடுவார். மறைச்சவன் மேல அவ்வளவு ஆத்திரப்பட்டேனே, சொல்றது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியலையேன்னு என்கிட்ட ஒரு நாள் சொன்னார். எனக்கு அப்போ அவரைப் பார்க்கப் பாவமா இருந்தது பாப்பா, அவர் தம்பியை நினைச்சா அதைவிடப் பாவமா இருந்தது.

கடைசியில போய்ச் சொல்லிட்டார். எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரமாப் பார்த்து, பட்டறையில சித்தப்பா மட்டும் இருக்கும்போது போயிருக்கார். உன் கண்ணு சரியில்லைடா, வா போய்க் காட்டலாம்னு நேராவே சொல்லியிருக்கார், அவருக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. சித்தப்பா சாயக்கோலைத் தொட்டியிலயே விட்டுட்டு நிமிர்ந்து, "பழி தீர்த்துக்கிட்டியா அண்ணா, இப்போ நிம்மதியா"ன்னு கேட்டிருக்கார். அப்பா திரும்பி வந்துட்டார். அன்னைக்குச் சாப்பிடலை, அதட்டிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில சித்தப்பா வந்தார், பின்னாலயே சித்தியும். உள்ளே வந்து உட்கார்ந்து, என்னைக்குப் போகலாம்னு அப்பாவைப் பார்க்காமலே கேட்டார். சித்திதான் பேசிக் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. படியில காலை வைக்கும்போது பக்கத்துல இருக்கிற கைப்பிடி அவருக்குத் தெரியறதில்லைன்னு அவளும் கவனிச்சிருக்கா, வயசாகுதுன்னு நினைச்சிருக்கா. அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ண அதே டாக்டர்கிட்டதான் போனாங்க. அப்பாவுக்கு இருந்தது கண்ணுல படற புரை, பார்க்கிறதுல எல்லாம் மஞ்சளை ஏத்துமாம், எடுத்ததும் சரியாச்சு. சித்தப்பாவுக்கு அது இல்லையாம். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி ஏறிப் பின்னால இருக்கிற நரம்பைத் தின்னுடுச்சாம், ஓரப் பார்வையில நிறையப் போயிடுச்சாம், வலிக்காது, தெரியாது, மெதுவாத்தான் போகுமாம். போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டு இருக்கிறதைக் காப்பாத்திப் பார்க்கலாம், எவ்வளவு காலத்துக்குன்னு சொல்ல முடியாதுன்னுட்டார். முன்னாடியே வந்திருந்தா நிறைய மிச்சம் பிடிச்சிருக்கலாம்னு சொன்னாராம். ஆவியிலயும் புகையிலயும் ராப்பகலா நின்னதால வந்ததான்னு அப்பா அவர்கிட்ட கேட்டிருக்கார். அதுனால இல்லை, அது பாட்டுக்கு வர்றதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அப்பா அதை நம்பின மாதிரி எனக்குத் தெரியலை.

வெளியே வந்து வராந்தா பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு, வெளியில சொல்லிடலாமா அண்ணான்னு சித்தப்பா கேட்டிருக்கார். சொல்லிடலாம்னு அப்பா சொல்லியிருக்கார். அங்கேர்ந்து நேராக் கூடத்துக்குப் போய் முதலாளியம்மாகிட்டயும் தறியில இருக்கிறவங்ககிட்டயும் சித்தப்பாவே சொல்லிட்டாராம், எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு, என் நூலைப் பார்த்து வாங்குங்கன்னு. வாயாடி அக்கா எழுந்து வெளியே போயிட்டாளாம். போன வாரத்துலேர்ந்து அப்பாவும் போறார். ஆவி படக் கூடாதுங்கிறதால சாயப்பட்டறைக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டு உட்கார்ந்துக்கறார். சித்தப்பா நூலை முக்கித் தூக்கி வெளிச்சத்துல காட்டறார், இன்னும் வேணும், போதும், மஞ்சள் வருது எடுத்துடுன்னு இவர் உரக்கச் சொல்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்றார். நான் பின் அறையில தைச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கேன். வேலையைத் தவிர ரெண்டு பேரும் வேற எதுவும் பேசிக்கறதில்லை. இந்த ஆர்டர் முடியற வரைக்கும் இப்படி ஓடட்டும், அப்புறம் வேற ஆள் பார்க்கணும்னு முதலாளியம்மா என்கிட்ட மட்டும் சொன்னாங்க. நான் வீட்டுக்கு வந்ததும் அப்பாகிட்ட சொல்லிட்டேன். தெரியும்னார். சித்தப்பாவுக்கும் தெரியுமாம். சித்திதான் வேளை தவறாம சொட்டு மருந்து விடறா, விடும்போது அவர் தலையைத் தன் மடியில வச்சுக்கிறா, அதைப் பார்க்கிறப்போ மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கு.

இப்ப நீ கவனமாக் கேளு. ரத்த சொந்தத்துல இன்னும் யார் யார் இருக்காங்கன்னு டாக்டர் கேட்டாராம். அண்ணன் தம்பிக்கு இருந்தா பிள்ளைங்களுக்கும் வரலாமாம், அப்பாவுக்கு இப்போதைக்கு இல்லைன்னு பார்த்துட்டாங்க, ஆனா எல்லாரும் சின்ன வயசுலயே ஒரு தடவை பார்த்து வச்சுக்கணும்னு சொல்லியிருக்கார். சித்தப்பா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டியாச்சு, ஒண்ணும் இல்லையாம். நேத்து சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கிட்டே, பாப்பாவைக் கண்ணைக் காட்டச் சொல்லுன்னார். அந்த முகத்தைப் பத்திப் பேசினதுக்கப்புறம் உன் பேரை அவர் வாயால கேட்டது அப்போதான். நீங்களே சொல்லுங்களேன்னேன். கை கழுவிட்டு வந்து, லெட்டர்ல எழுதுன்னார். அதான் உட்கார்ந்துட்டேன், மத்ததெல்லாம் எழுத எழுதத் தானா வந்தது.

உனக்கு வேலை இருக்கும், நேரம் இருக்காது, எல்லாம் தெரியும். எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு முதல்ல இதைப் பாரு. காட்டிட்டு வந்ததும் போன் பண்ணு. என்ன சொன்னாங்கன்னு நான் கேட்பேன், என்கிட்ட சொல்லாதே. அப்பாவைக் கூப்பிடு, அவர்கிட்டதான் சொல்லுவேன்னு பிடிவாதமா நில்லு, நான் கோவிச்சுக்கிட்டாலும் விடாதே. அதைக் கேட்கிறதுக்கு அவர் வந்துதான் ஆகணும். வந்ததும் உள்ளது எதுவோ அதை அப்படியே சொல்லு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கோ, எங்களை நினைச்சுக் கலங்காதே. எந்தக் குறையும் இல்லாம நீ தீர்க்காயுசா இருக்கணும், உன் கண்ணு ரெண்டும் நல்லா இருக்கணும்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா.
(பக்கத்து அறையில அப்பாவும்.)